ஊர்வலக் காட்சிக்கு இரண்டு கையெழுத்து

உங்கள் வகுப்பில் நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. முப்பது வருஷம் சினிமாவில் இருந்தும் வரவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டாச்சு, இனி வரவும் போவதில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

திரைக்கதை எழுதுவது எப்படி என்று இதில் இருக்காது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் பன்னிரண்டாவது வரைதான். காரைக்காலில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு எழுத்தாளரிடம் வசனம் டைப் அடிக்கப் போனவள். உயிரோடு இருக்கிற வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதினால் என்னென்ன வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் பெயர் தனியாக வந்த ஒரே படத்தில் அதைக் கற்றுக்கொண்டேன்.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கையில் பிடித்து எடுத்தது. மாதா கோயில் தேர் ஊர்வலம். தேருக்கு முன்னால் பேண்டு செட்டு போகிறது. நடுவில் டிரம்பெட்டோடு சவரிமுத்து மாஸ்டர், பக்கத்தில் கிளாரினெட் கலியமூர்த்தி. பாட்டு மேலே ஏற வேண்டிய இடத்தில் டிரம்பெட் அடங்கிவிடும். கிளாரினெட் தனியாக எழுந்து போகும். தேர் இழுக்கிறவர்கள்கூட நின்று கேட்பார்கள்.

இருபது வருஷம் கழித்து யாரோ அதைப் போனில் ஏற்றிவிட்டார்கள். அந்த இடத்தைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தன் பாட்டைச் சிஷ்யனுக்கு விட்டுக்கொடுத்த மாஸ்டர் என்று ஊர் பேசியது. ஒரு சினிமா கம்பெனிக்கு அது ஒரு படமாகத் தெரிந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, உங்க ஊருதானே அக்கா, நீங்களே எழுதுங்க என்றார்.

முதல் தப்பைப் போய் இறங்கிய அன்றைக்கே செய்தேன். சென்னை பஸ் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது பூவம். கலியமூர்த்தி அண்ணன் வீடு அங்கேதான். பேண்டு கலைந்த பிறகு அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியில்தானே என்று இறங்கி, சம்மதப் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே தாளோடு டவுனில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார், தாளைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார்.

"ஏம்மா, கலியன் ஆரம்பிச்சிட்டானா?"

பேண்டில் மாஸ்டர் டிரம்பெட்டைத் தூக்காமல் வேறு யாரும் வாத்தியத்தை வாயில் வைக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு வாசிப்பதற்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். டவுனில் ஒரு கடையில் புதுப் படிவம் அச்செடுத்து, முதல் வரியில் மாஸ்டரிடம் வாங்கி, மறுபடி பூவத்துக்கு பஸ் ஏறினேன். கலியமூர்த்தி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பேனாவை நீட்டினீங்க, போட்டுட்டேன், எனக்காவது தெரிஞ்சிருக்க வேண்டாமா என்றார்.

சட்டச் சிக்கல் என்று வக்கீல் ஒரு பட்டியல் கொடுப்பார். அதில் பாதி, உட்கார்ந்து பேசினால் தீரும். ஊர்வலத்தில் வாசித்தது ஒரு பழைய மாதா பாட்டு. அதற்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்றார் வக்கீல். மாதா பாட்டுக்கு யாரும்மா சொந்தக்காரரு, மாதாதான் என்றார் மாஸ்டர். இந்தப் பதிலை வக்கீலிடம் கொண்டுபோக முடியாது. மெட்டுப் போட்டவர் யார் என்று தேடினோம், ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். கடைசியில் இசையமைப்பாளர் அதே இடத்தில் மேலே ஏறுகிற மாதிரி புது மெட்டு போட்டார். மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினோம். ஏறுது, ஆனா மூச்சு வாங்க இடமில்ல என்றார். இசையமைப்பாளர் மறுபேச்சுப் பேசாமல் தாளத்தில் இரண்டு தட்டு இடம் விட்டுக் கொடுத்தார்.

பெயர்களை மாற்றிவிடலாம் என்றும் வக்கீல் சொன்னார். சென்னையில் பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவார். காரைக்காலில் மாற மாட்டார். மாதா கோயில் ஊர்வலத்தில் டிரம்பெட் வாசித்தவர் என்று ஒரு பாத்திரம் எழுதினால், அவருக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் ஊரில் அவர் சவரிமுத்து மாஸ்டர்தான். வேறு பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்து எழுதாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவள். சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருப்பவர் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தானே பேசுவார். இதனால் எனக்குப் பல நல்ல காட்சிகள் கிடைத்திருக்கின்றன. பூவத்தில் கலியமூர்த்தி அண்ணன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். மாஸ்டரைப் புகழ்ந்து பேசிக்கொண்டே வந்தவர், அந்த ஊர்வலத்தைப் பற்றி ஒன்று சொன்னார்.

அந்தத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாஸ்டர் வண்டியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போய்விட்டன. பல் செட்டு கட்டிக்கொண்டார். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் செட்டு நகரும். கீழே வாசிப்பது எப்படியோ வரும், மேலே ஏறும் இடம் வராது. தெருவில் அந்த இடம் வந்தது. மாஸ்டர் உதடு ஆடுவதைப் பார்த்துவிட்டு, பாட்டு விழுவதற்குள் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார் கலியமூர்த்தி அண்ணன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மேலே போகும் இடங்களில் மாஸ்டர் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு விரலை மட்டும் ஆட்டுவார், கிளாரினெட் வாசிக்கும்.

"இன்னைய தேதி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்க, பல்லு போயும் பேண்ட விடல" என்றார்.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். இதை எழுதலாமா அண்ணே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். ஒரே காலையில் காட்சியை எழுதிவிட்டேன். அதில் கிளாரினெட்காரர் பக்கத்து டிரம்காரரிடம், "மாஸ்டருக்கு முடியல, நான் எடுத்துக்கிறேன்" என்பார். இயக்குநர் படித்துவிட்டு, இதுதான் அக்கா படம், மத்ததெல்லாம் இதுக்கு வர்ற வழி என்றார். கம்பெனியிலும் அதே பேச்சு. இந்தக் காட்சி இருந்தால் படம் உண்டு.

நான் டைப் அடித்துக் கொடுத்த எழுத்தாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. உண்மை மனிதர்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு எழுத்து போடுவார். பா என்றால் பார்த்தது. கே என்றால் கேட்டது. நி என்றால் நாமாக நினைத்தது. கே என்று போட்டால் யாரிடம் கேட்டது என்று கீழே எழுத வேண்டும். இளம் வயதில் அவர் ஒரு தபேலாக்காரரைப் பற்றி எழுதி, குடித்துவிட்டு மேடை ஏறினார் என்று ஒரு காட்சி வைத்தாராம். மூன்று பேர் சொன்ன செய்தி. அந்த மனிதரின் மகள் நோட்டீஸ் அனுப்பிய பிறகு விசாரித்தால், மூன்று பேரில் ஒருவரும் அந்த மண்டபத்தில் இருந்ததில்லை. படம் அப்படியே நின்றுபோனது. அதிலிருந்து இந்தப் பென்சில்.

அவரிடமிருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஷூட்டிங்குக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பிரதியை எடுத்து எழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். ஊர்வலக் காட்சிக்குக் கே போட்டு, கீழே கலியமூர்த்தி என்று எழுதினேன். காட்சியோ மாஸ்டரின் பல்லைப் பற்றியது. அவர் பெயர் அங்கே இல்லை.

வக்கீலிடம் கேட்டேன். படிவத்தில் 'என் வாழ்க்கைச் சம்பவங்களை' என்று இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, போதும் என்றார். இயக்குநருக்கு என் மேல் கோபம். "அக்கா, போய்க் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு. ஏன் கேக்குறீங்க?" என்றார். நான் அவரிடம் சொன்ன காரணம் வேறு: வெள்ளிக்கிழமை வர வேண்டிய படத்துக்கு வியாழக்கிழமை ஒரு வழக்கு வந்தாலே போதும், அது நிற்குமா நிற்காதா என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். இதுவும் உண்மைதான், நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பஸ் ஏறியது அதற்காக இல்லை. சுற்றிலும் ஊர் உட்கார்ந்திருக்கும் தியேட்டரில், தன் பொய்ப் பல்லை அந்த மனிதர் முதல்முதலாகத் திரையில் பார்க்கக் கூடாது.

மாஸ்டர் வீட்டு முன்னறையில் காட்சியை முழுவதும் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. முடித்ததும் யார் சொன்னது என்று கேட்டார். அதை நான் சொல்லக் கூடாது மாஸ்டர் என்றேன்.

"ஊருல இது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தி உள்ள மீன் கழுவிக்கிட்டு இருக்கா."

பிறகு கையெழுத்தைத் திருப்பிக் கேட்டார். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ஆள். அப்போதெல்லாம் பத்திரம் முடிப்பது நொத்தேர் என்கிற அதிகாரி முன்னால். எழுதியதை அவர் வரிக்கு வரி வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவாராம். "நீ எனக்கு வாசிச்சுக் காட்டினியா?" என்றார் மாஸ்டர்.

வாசித்துக் காட்டவில்லை. அவர் கேட்டது நியாயம். பையிலிருந்து அசல் படிவத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்குத் தெரியாது. இதை நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். செய்தால் வேலை போகலாம் என்று தெரிந்து செய்யுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கேட்ட பிறகும் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு நான் அடுத்த காட்சியை எழுதியிருக்க முடியாது.

இரண்டு நாள் தருமபுரத்தில் தங்கை வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் மாஸ்டரே போன் செய்தார். காட்சி தப்பா இருக்கு, வா என்றார். எடுத்துவிடு என்று சொல்லாததை அப்போதே கவனித்தேன்.

போனால், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். நடந்துகொண்டே வாசிக்கும்போது யாருக்கும் சைகை காட்டக் கை கிடையாது, இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும். அதனால் அவர் பேண்டில் எல்லாமே வலது தோள்தான். தோள் ஏறினால் அடுத்தவர் எடுக்க வேண்டும்.

"பல்லு போச்சு, சரி. தோளு போகலயே. மேல ஏற முடியாதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும். அந்த இடத்துல தோளத் தூக்கினேன், அவன் எடுத்தான். அவனா எடுக்கல. இத எழுது. பல்லயும் எழுதிக்க."

அவர் எதிரிலேயே போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தோள் ஏறுகிறது. இத்தனை முறை பார்த்தும் என் கண்ணில் படாதது. கிளாரினெட்காரரின் கண் அந்த நேரம் மூடியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை.

மாஸ்டர் சொன்னபடியே, கிளாரினெட்காரர் "மாஸ்டர் தோளத் தூக்கிட்டாரு, நான் எடுக்கிறேன்" என்று சொல்வதாக மாற்றி எழுதி, இந்த முறை புத்தியோடு முதலில் வாசித்துக் காட்டப் பூவத்துக்குப் போனேன். கலியமூர்த்தி அண்ணன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று கேட்டார். தான் சொன்னது மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் முகம் சிறுத்துவிட்டது. காட்சி முடிந்ததும் கோபமும் வந்துவிட்டது.

"நான் கண்ண மூடிக்கிட்டு வாசிக்கிறவன்ங்க. எந்தத் தோளப் பாத்தேன்? அவரு உதடு ஆடுற சத்தம் காதுல விழுந்துச்சு, எடுத்தேன். இருபது வருஷம் வெளிய சொல்லல. இப்ப அவரு சொல்லித்தான் வாசிச்சேன்னு ஊருக்கெல்லாம் காட்டப்போறீங்க. என் பேர எடுத்துடுங்க."

உதடு ஆடியதைப் பார்த்ததாகத்தான் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். இப்போது கேட்டதாகச் சொல்கிறார். நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தியது எல்லோருக்கும் கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும்.

இப்போது என் கையில் ஒரு கையெழுத்தும் இல்லை. ஷூட்டிங்குக்கு எட்டு நாள். கம்பெனியிலிருந்து மூன்று முறை போன் வந்தது. இரண்டு பேரும் வேண்டாம், கற்பனைக் கதை என்று போட்டு எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். எனக்கு ஒரு நாள் கொடுங்கள் என்றேன். அவ்வளவு தெளிவாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு நாளில் வீடியோவை மட்டும் பார்த்தேன், சத்தத்தோடும், சத்தத்தை அடக்கியும். பென்சிலை எடுத்து, காட்சியில் பா எது என்று வரி வரியாகத் தேடினேன். மாஸ்டரின் உதடு ஆடுகிறது: பா. வலது தோள் ஏறுகிறது: பா. கிளாரினெட் எழும்புகிறது: பா. வாசிப்பவர் கண் மூடியிருக்கிறார்: பா. இந்த நான்கும் தெருவில், நூறு பேருக்கு முன்னால் நடந்தவை. எந்த வக்கீலும் கேள்வி கேட்க முடியாது. யார் காப்பாற்றினார், யார் உத்தரவு கொடுத்தார் என்பதெல்லாம் கே, அல்லது நி. அந்தக் கே-யையும் நி-யையும் நான் வசனமாக்கி ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தேன். இரண்டு பேரையும் குத்தியது அந்த வசனம்தான். முதல் பிரதியில் மாஸ்டருக்குக் குத்தியது, இரண்டாவதில் கலியமூர்த்தி அண்ணனுக்கு.

வசனத்தை எல்லாம் அடித்தேன். காட்சி ஐந்து வரியாகச் சுருங்கியது. தயக்கமே இல்லை. முப்பது வருஷத்தில் நான் எழுதியதில் சரியான ஐந்து வரி அவைதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

இயக்குநரை வரச் சொன்னேன். மாஸ்டராக நடிக்கப்போகும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கலியமூர்த்தி அண்ணனை அழைத்துவரத்தான் சிரமப்பட்டேன். மாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பஸ்ஸில் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். மாஸ்டர், "வா கலியா" என்றார். அண்ணன் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

ஐந்து வரியையும் வாசித்தேன். உதடு. தோள். கிளாரினெட். மூடிய கண். தேரோடு நிற்கிற ஜனம்.

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்த வேலை, அதனால் நான் உட்கார்ந்திருந்தேன்.

"தோளு இருக்கு" என்றார் மாஸ்டர்.

"கண்ணும் மூடித்தான் இருக்கு" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

இரண்டு பேரும் காட்சியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். மாஸ்டர் உள்ளே போய் நான் கொடுத்துவிட்டு வந்த படிவத்தை எடுத்து வந்தார், கிழிக்காமல் வைத்திருந்தார். அதோடு சேர்க்க வக்கீல் இயக்குநரிடம் கொடுத்தனுப்பிய புதுத் தாளில் அந்த ஐந்து வரியும் அப்படியே அச்சாகியிருந்தது. அதில் முதலில் மாஸ்டரும் பிறகு அண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை இயக்குநர் வாங்கி உறையில் போட்டார்.

புறப்படும் நேரத்தில் அந்த நடிக்கும் பையன் ஒன்று கேட்டான். தெரியாமல் கேட்கவில்லை, வேலைக்கு வேண்டித்தான் கேட்டான். செட்டு நகர்ந்து, உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாமல் போனால் அது எப்படி மாஸ்டர் ஆடும், குளோஸப்பில் வருமே என்றான். இயக்குநர் அவன் தொடையைக் கிள்ளினார். மாஸ்டர் மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். அந்த வீட்டுக்கு வெளியே யாரும் மாஸ்டரைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை.

மாஸ்டர் யோசித்தார். பிறகு கலியமூர்த்தி அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் பாக்கல மாஸ்டர். நீங்க தம்பிக்குக் காட்டுங்க."

மாஸ்டர் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். டிரம்பெட்டை எடுத்து உதட்டில் பொருத்தி, அந்தப் பையனைக் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். உதடு எப்படி உள்ளே போகிறது, காற்று எந்த ஓரத்தில் தப்புகிறது, அதை மறைக்கக் கன்னத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பையன் தன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். வராத இடத்தை மாஸ்டர் மறுபடி காட்டினார்.

அது முடியும்வரை கலியமூர்த்தி அண்ணன் அந்த மாதத்துத் தேதிகளைப் படித்துக்கொண்டு நின்றார்.